ஐந்து திட்டுகளின் பிள்ளை

தூத்துக்குடி மரக்கடை ஒன்றில் புத்தக அலமாரிக்குப் பலகை பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிறிய மஞ்சளில் ஒரு பலகை கண்ணில் பட்டது. அறுத்த முனையில் ஆண்டு வளையங்கள் கிட்டத்தட்ட விரல் அகலத்துக்கு இருந்தன. "நியூசிலாந்து பைன் சார். பேக்கிங் பெட்டிக்குத்தான் போகும். அலமாரிக்குன்னா தேக்கு பாருங்க" என்றார் கடைக்காரர். இந்த வேகத்தில் கொழுக்கும் மரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

அது ரேடியேட்டா பைன். நியூசிலாந்தின் நடவுக் காடுகளில் பத்தில் ஒன்பது பங்கு இந்த மரம்தான். நட்ட 28 ஆண்டுகளை ஒட்டி வெட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்த மண்ணின் மரமல்ல. கான்டர்பரியில் மவுண்ட் பீல் பண்ணையில் 1859-இல் நட்டது அங்கே பதிவாகியுள்ள மிகப் பழைய நடவுகளில் ஒன்று. அதற்கு முந்தைய தடம் கலிபோர்னியாவுக்குப் போகிறது.

போய்ப் பார்த்தால், உலகிலேயே ஐந்து இடங்களில்தான் இது தானாக வளர்கிறது. கலிபோர்னியக் கரையோரம் அன்யோ நுவெவோ, மான்டரே, கேம்ப்ரியா என மூன்று திட்டுகள். மெக்சிகோவின் குவாதலூப்பே, செட்ரோஸ் என இரண்டு தீவுகள். ஐந்துமே கடல்மூடுபனி ஏறும் இடங்கள். மழையற்ற கோடையில் ஊசியிலைகளில் படியும் பனி சொட்டித்தான் வேருக்கு ஈரம். கூம்புகள் பிசினால் இறுகி ஆண்டுக்கணக்கில் கிளையிலேயே மூடிக் கிடக்கும். தீயோ கடும் வெயிலோ பிசினை இளக்கினால்தான் வாய் திறந்து விதை உதிரும். கரையோர மரங்களில் ஊசிகள் மும்மூன்றாகக் கொத்துவிடும், தீவு மரங்களில் பெரும்பாலும் இரண்டிரண்டாக.

பிறந்த இடத்தில் பெரும்பாலும் கோணல்மாணலாக வளரும் இந்த மரத்துக்கு நியூசிலாந்தில் கோடையிலும் மழை கிடைத்தது. அது பாதிக் கதை. மீதிப் பாதி மனிதர்கள் செய்தது. 1950-களில் அங்குள்ள வன ஆராய்ச்சியாளர்கள் நடவுக் காடுகளுக்குள் நடந்து, காங்கேயத்தில் பொலிகாளை பொறுக்குவதுபோல, வேகமாகவும் தண்டு நேராகவும் கிளை மெலிதாகவும் வளர்ந்தவற்றை மட்டும் பொறுக்கினார்கள். அவற்றின் நுனிகளை ஒட்டுக்கட்டி விதைத் தோட்டங்கள் போட்டார்கள். பின்னர் பெண் கூம்புகளுக்குப் பை கட்டி, வேண்டிய மரத்தின் மகரந்தத்தை மட்டும் உள்ளே செலுத்தினார்கள். மகரந்தம் ஏறியதிலிருந்து விதை முற்ற இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதால் இது அவசரக்காரர்களின் வேலையல்ல.

இங்கேதான் எனக்குத் தேடல் சூடுபிடித்தது. நியூசிலாந்துப் பைன்களின் பூர்வீகத்தை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், அவை பெரும்பாலும் அன்யோ நுவெவோ, மான்டரே வழியில் வந்தவை என்கிறார்கள். தீவுகளின் பங்கு அதில் இல்லை. உலகம் முழுக்க சுமார் 40 லட்சம் ஹெக்டேரில் நிற்கும் மரம், கலிபோர்னியாவில் சில ஆயிரம் ஹெக்டேருக்குள் ஒடுங்கியிருக்கிறது. மான்டரே காட்டை வீடுகளும் கோல்ப் மைதானங்களும் தின்றன. 1986-இல் ஒரு பூஞ்சை நோய் கலிபோர்னியாவில் தலைகாட்டியது. கிளைகளில் பிசின் வழிய, நுனியிலிருந்து மரத்தைக் கருக்கும். சர்வதேசச் செம்பட்டியலில் ரேடியேட்டா அழியும் ஆபத்தில் உள்ள மரம். கடைக்காரரிடம் இதைச் சொன்னால் நம்புவாரா என்று தெரியவில்லை.

குவாதலூப்பேயின் நிலை இன்னும் மோசம். 19ஆம் நூற்றாண்டில் கொண்டுபோய் விட்ட ஆடுகள் பல்லாயிரமாகப் பெருகி, முளைத்த கன்றையெல்லாம் மேய்ந்தன. கடைசியில் மிஞ்சியவை 200 சொச்சம் கிழட்டு மரங்கள். 2000-களில் வேலியடைத்து, பிறகு தீவிலிருந்த ஆடுகளையே அப்புறப்படுத்திய பின்தான் கன்றுகள் தலையெடுத்தன.

ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தபோதே, 1978-இல், ஆஸ்திரேலிய மரபியலாளர் கென் எல்ட்ரிட்ஜ் உள்ளிட்ட குழு ஐந்து திட்டுகளிலிருந்தும் விதை திரட்டியது. அது நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் சோதனை நடவுகளாக வளர்ந்தது. குவாதலூப்பே வம்சத்தின் கட்டை மற்றவற்றைவிட அடர்த்தியானது என்று அங்கே தெரியவந்தது. வேகமாக வளர்ந்து இளம்வயதில் வெட்டப்படும் நடவுப் பைனுக்குக் குறைவது அந்த அடர்த்திதான். எழுபது ஆண்டுகளாக வேகத்தைப் பொறுக்கிய இனவிருத்தியாளர்கள், இப்போது தீவு வம்சத்தைக் கலக்கப் பார்க்கிறார்கள்.