காவேரி மணலின் கடல் யாத்திரை

கடலின் அடித்தரையை ஆராய வேண்டுமானால் எந்த ஊருக்குப் போகவேண்டும் என்று கேட்டால், நாகப்பட்டினத்துக்குப் போய்த் தோணி ஏறவேண்டும் என்றோ, சென்னைக்குப் போய்க் கப்பல் ஏறவேண்டும் என்றோ நேயர்கள் விடை சொல்லக்கூடும். நாம் திருச்சிராப்பள்ளிக்குப் போய் மலைக்கோட்டைப் படி ஏறவேண்டும் என்கிறோம். கடலுக்கும் இந்நகருக்கும் இடையே ஏறக்குறைய எண்பது மைல் இருக்கிறதே, பிள்ளைகளோடு மன்றாடி மன்றாடி நமக்குப் பூகோளமே மறந்துவிட்டதோ என்று ஐயுற வேண்டாம். காரணம் இல்லாமல் சொல்லவில்லை.

உச்சிப் பிள்ளையாரைத் தரிசித்துவிட்டு, 273 அடி உயரமுள்ள அந்தப் பாறையின் மேல் நின்று வடக்கே நோக்கினால், முதலில் காவேரி. அதற்கப்பால் தென்னஞ்சோலைகளின் நடுவே ஸ்ரீரங்கத்தின் கோபுரங்கள். அவற்றுக்கும் அப்பால் கொள்ளிடம். 1987-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற 236 அடி உயர ராஜகோபுரம் கண்ணை முதலில் கவர்வது இயல்பே. ஆனால் அன்று நம்முடன் வந்திருந்த மாணவர்களை நாம் பார்க்கச் சொன்னது கோபுரத்தை அல்ல, மணலை. இரண்டு ஆறுகளின் நடுவே கிடக்கும் இத்தீவே ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்தான். ஆண்டில் பல மாதங்கள் இங்கே ஆறு என்று கண்ணுக்குத் தெரிவதும் பெரும்பாலும் மணலே. குடகு மலையிலும் மைசூர் மேட்டு நிலத்திலும் கொங்கு நாட்டிலும் கரைந்து வந்த பாறைத் துகள்கள் இங்கே சற்றுத் தங்கி இளைப்பாறுகின்றன. அடுத்த வெள்ளத்தில் மறுபடியும் புறப்பட்டுவிடும். அவை போய்ச் சேரும் இடங்களில் ஒன்றுதான் கோடிக்கரைக்குத் தெற்கே, நமக்கும் இலங்கைக்கும் இடையே உள்ள பாக் விரிகுடா.

ஆடிப் பதினெட்டன்று அம்மா மண்டபத்துப் படித்துறையில் நின்றவர்களுக்குப் புதுவெள்ளத்தின் நிறம் நினைவிருக்கும். அந்த ஜலத்தை ஒரு கண்ணாடிக் குவளையில் முகந்து வைத்தால், கடலாராய்ச்சியின் முதற்பாடம் முழுவதையும் வீட்டுத் திண்ணையிலேயே கற்றுக்கொள்ளலாம். மணல் உடனே அடியில் இறங்கிவிடும். மிக நுண்ணிய மணலும் நான்கு அங்குல ஆழத்தைக் கடக்க அரை நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை. அதைக் காட்டிலும் நுண்ணிய வண்டல் நிதானமாக இறங்கும். களிமண்ணோ ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு பங்காக்கினால் வரும் அளவுடையது. அதே நான்கு அங்குலத்துக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம் பிடிக்கும். ஓடுகின்ற நீரிலோ அது இறங்கவே இறங்காது. மணல் ஆற்றிலேயும் முகத்துவாரத்திலேயும் தங்குவதும், களி நெடுந்தூரம் கடலுக்குள் போவதும் இதனால்தான்.

அப்படியானால் களி கடலில் மட்டும் எப்படி அடங்குகிறது? நம் பாட்டிமார் கலங்கல் ஜலத்தைக் குடத்தில் ஊற்றுமுன், உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைப்பார்கள்; சிறிது நேரத்தில் கலங்கல் திரண்டு அடியில் படிந்துவிடும். ஆற்றுக்கு அந்த வேலையைச் செய்து கொடுப்பது கடலின் உப்பு. உப்பு நீர் பட்டவுடன் ஒன்றையொன்று விலக்கி மிதந்த களித்துகள்கள் ஒட்டிக்கொண்டு திரளாகி இறங்குகின்றன. ஒரு குவளையில் ஒரு பிடி உப்பைப் போட்டு, மற்றொன்றைச் சும்மா விட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மாணவனுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

திருச்சிக்கு மேற்கே பதினொரு மைலில் முக்கொம்பு. இங்கேதான் காவேரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. பிள்ளைகள் அதை ஒரு பூங்காவாக மட்டுமே அறிந்திருந்தார்கள். உண்மையில் அது மணலுக்கும் மனிதனுக்கும் நெடுநாளாக நடந்துவரும் வழக்கின் நீதிஸ்தலம். கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம், காவேரிக்குக் குறைவு. சரிவு குறைந்த இடத்தில் மணல் தங்கும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் காவேரியின் தலைப்பு மணலால் தூர்ந்துகொண்டே வர, வெள்ளமெல்லாம் கொள்ளிடத்தின் வழியே வீணாகப் போய், தஞ்சை வயல்கள் காயத் தொடங்கின. ஆர்தர் காட்டன் என்ற எஞ்சினீயர் 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டும் வேலையைத் தொடங்கினார். நீரைத் தடுத்தால் மட்டும் போதாது, மணலைத் தள்ளவும் வேண்டும் என்று அணையின் அடியில் கண்கள் வைக்கப்பட்டன.

ஆற்று மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை அவர் எங்கே கற்றார்? சீமையில் அல்ல. தீவின் கீழ்க்கோடிக்கு அப்பால் உள்ள கல்லணையில்தான். கரிகாலன் பெயரோடு வழங்கும் அந்த அணையில் பெரிய பாறைகளை மணலின் மேல் போட்டு, அவை அமிழ அமிழ மேலும் மேலும் போட்டு, இனி அமிழாது என்ற நிலை வரும்வரை போட்டிருக்கிறார்கள். அடியில் பாறை இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கவில்லை. இந்நாட்டு முன்னோரிடமிருந்தே அந்த உபாயத்தைக் கற்றதாகக் காட்டனே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதை நாம் பெருமையோடு சொல்வதில் தவறில்லை. ஆனால் பெருமை பேசிவிட்டு, அந்த மணலை நாம் இன்று எப்படி நடத்துகிறோம் என்பதைப் பேசாமல் விட்டுவிடுவது நியாயமாகாது.

1934-ல் மேட்டூர் அணை முடிந்தது. மேலே மைசூர் ராஜ்யத்துக் கண்ணம்பாடி அணை அதற்குச் சற்று முன் எழுந்தது. பெரிய நீர்த்தேக்கத்துக்குள் நுழையும் ஆறு நின்றுவிடுகிறது. நின்ற ஆறு சுமையை இறக்கிவைத்துவிடுகிறது. நம் கண்ணாடிக் குவளையில் நடந்ததே அங்கேயும் நடக்கிறது. தெளிந்த நீர் மட்டும் மதகு வழியே வெளியேறுகிறது. மேட்டூர் இல்லாவிட்டால் டெல்டாவில் இன்று எத்தனை குடும்பங்கள் ஒரு போகமேனும் உறுதியாகச் செய்திருக்கும் என்பது நமக்குத் தெரியும். அணையைக் குறை சொல்ல வரவில்லை. வரவு குறைந்த வீட்டில் செலவைச் சுருக்கவேண்டும் என்பது குடும்பஸ்தர் அறிந்த நீதியாயிற்றே! நாமோ, வரவு நின்ற பிறகுதான் லாரி லாரியாக மணலை அள்ளத் தொடங்கினோம். கொள்ளிடத்து மணல்தான் எத்தனை ஊர்களில் மாடிகளாக எழுந்து நிற்கிறது!

2018 ஆகஸ்டு 22-ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடத்து மேலணையின் ஒன்பது கண்கள் வெள்ளத்தோடு போயின. அதே மாதத்தில் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. கட்டடங்களின் வயதே காரணம் என்றனர் சிலர். அடியிலிருந்த மணல் போனதே காரணம் என்றனர் காவேரிப் பாசன விவசாயிகள் பலர். வயதான மனிதனைத் தாங்கும் கட்டிலின் காலையும் அறுத்துவிட்டால் பழியை வயதின் மேல் மட்டும் போட முடியுமா என்று நமக்குத் தோன்றுகிறது. பின்னர் அங்கே புதிய கதவணை எழுந்துவிட்டது. ஆற்றுப் படுகை பழைய உயரத்துக்கு வர எத்தனை வெள்ளம் வேண்டுமோ!

கல்லணையிலிருந்து வெண்ணாறு பிரிந்து போகிறது. நீடாமங்கலத்தருகே அதிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிந்து, முத்துப்பேட்டையின் அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்து, விரிகுடாவில் கலக்கின்றன. காவேரிச் சேறு பாக் விரிகுடாவை அடையும் நேர்வழி இது. மற்றொரு வழி சுற்றுவழி. கிழக்குக் கரையில் கடலில் விழும் மணலை, ஐப்பசி கார்த்திகையில் வீசும் வாடைக்காற்றின் நீரோட்டம் கரையோரமாகத் தெற்கே இழுத்து வந்து, கோடிக்கரை மூக்கைச் சுற்றி உள்ளே தள்ளுகிறது. தென்காற்றுக் காலத்தில் நீரோட்டம் திரும்பினாலும், விரிகுடாவுக்குள் புகுந்துவிட்ட மணலுக்கு வெளியே போவது எளிதல்ல. அங்கே அலை குறைவு. ஆழமும் பெரும்பாலும் ஏழு பாகத்துக்கு உட்பட்டதே. இரு கைகளையும் விரித்த நீளத்தைக் கடலோடிகள் ஒரு பாகம் என்பார்கள்.

நாம் திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யத்துக்குப் பஸ்ஸில் சென்றோம். 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியில் டாக்டர் ராஜன் இல்லத்திலிருந்து ராஜாஜியும் ஏறக்குறைய நூறு தொண்டர்களும் புறப்பட்டு, பதினைந்து நாள் நடந்து, 28-ஆம் தேதி வேதாரண்யம் அடைந்தார்கள். 30-ஆம் தேதி உப்பெடுத்தார்கள். அந்தப் பாதையில் போகும்போது வாயைத் திறவாதிருந்த மாணவன் ஒருவன், “அவர்கள் நடந்ததும் காவேரி மண் மேலேதானே, ஸார்?” என்றான். ஆம். அதிலும் கடைசி இரண்டு நாள் அவர்கள் நடந்த நிலம், ஒரு காலத்தில் கடலாக இருந்த நிலம். திருச்சியிலுள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் இப்பகுதியின் பழைய கடற்கரை மணல் மேடுகளைக் கரிக்காலக் கணிப்பு முறையால் ஆராய்ந்திருக்கிறார்கள். திருத்துறைப்பூண்டியின் கரைக்கு வயது சுமார் 6000 ஆண்டு. கோடிக்கரையின் கரைக்குச் சுமார் 1100 ஆண்டு. இடையே இருபது மைலுக்கு மேல் தூரம். ஆண்டுக்குச் சராசரி இருபது அடிக்குக் குறையாமல் நிலம் வளர்ந்திருக்கிறது என்று பிள்ளைகள் பஸ்ஸிலேயே கணக்குப் போட்டுவிட்டார்கள். கடல் மட்டம் சற்று இறங்கியதும் இதற்குத் துணை செய்தது. இதே வேகத்தில் போனால் நானூறு ஆண்டில் வேதாரண்யம் யாழ்ப்பாணத்தைத் தொட்டுவிடும் என்று அவர்கள் 1998-ல் எழுதினார்கள். ‘இதே வேகத்தில்’ என்ற இரண்டு சொல்லில்தான் விஷயமெல்லாம் இருக்கிறது.

மணல் மேடுகளில் மாவும் தென்னையும் முல்லையும்; மேடுகளுக்கு இடையே சதுப்பும் உப்பளமும். கோடிக்கரையில் மிக உயர்ந்த இடமான இராமர் பாதம், மலைக்கோட்டையைக் கண்டு வந்தவர்களுக்குச் சிரிப்பை உண்டாக்கும்: பதின்மூன்று அடி! டெல்டா தன் கனத்தாலேயே இறுகி மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டிருப்பது. ஆண்டுதோறும் புதிய வண்டல் வந்தால்தான் அது தலை தூக்கி நிற்கும். இப்போது கடல் மட்டமும் உயர்ந்துவருகிறது. பதின்மூன்று அடியே உச்சியான ஊருக்கு இது வெறும் விஞ்ஞான விஷயம் அல்ல. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் கொண்டுபோயிற்று. தாழ்ந்த கரை என்றால் என்ன என்பது இக்கரையோரத்துக் குழந்தைகளுக்குக் கூடத் தெரியும்.

ஆகவே கடலடியை அளந்து பார்ப்பது ஆற்றின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பதற்கு ஒப்பாகும். 1851-ல் தோன்றிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு இதற்கென்று கப்பல்கள் உண்டு; ‘சமுத்திர ரத்னாகர்’ அவற்றில் பெரியது. ஒலியை அடித்தரைக்கு அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தால் ஆழத்தை அறிகிறார்கள். நண்டின் கொடுக்குப் போல வாய் பிளந்து இறங்கும் இரும்புப் பொறி, தரையைத் தொட்டதும் மூடிக்கொண்டு ஒரு கவளம் மண்ணைக் கவ்விக்கொண்டு வரும். நீண்ட இரும்புக் குழாயைச் சேற்றில் செலுத்தி எடுத்தால் அடுக்கு அடுக்காகப் பல நூற்றாண்டுகள் குழாய்க்குள் இருக்கும். அதைக் கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும். பெருவெள்ளம் வந்த ஆண்டில் தடித்த அடுக்கு, வறண்ட காலத்தில் மெல்லிய அடுக்கு. அந்த மண்ணைச் சல்லடைகளில் சலித்து எந்தப் பருமன் எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்பதே சோதனைச்சாலையின் நித்தியக் கர்மம்.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. இறால் எந்தச் சேற்றில் வளரும், கடற்புல் எந்த மணலில் வேரூன்றும் என்பது இதிலிருந்தே தெரியும். அந்தப் புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியாவுக்காக 2022-ல் தமிழக அரசு இவ்விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக்கியது. 2005-ல் தொடங்கி இடையில் நின்றுபோன சேதுக் கால்வாய்க்கும், தோண்டிய வாய்க்காலை மணல் எத்தனை விரைவில் தூர்க்கும் என்பது அரசியலைவிடக் கடினமான கேள்வியாகவே இருந்தது.

நமக்கோ கப்பலும் இல்லை, எதிரொலிக் கருவியும் இல்லை. பழங்கால மாலுமிகள் செய்தபடி ஒரு கனத்த குண்டைக் கயிற்றில் கட்டி, அதன் அடியில் குழித்த இடத்தில் கொழுப்பை அப்பி எடுத்துக்கொண்டோம். கோடிக்கரையில் ஒரு முதிய மீனவர் தம் படகில் எங்களை ஏற்றிக்கொண்டார். முதலில் இரண்டு பாகம். கொழுப்பில் ஒட்டி வந்தது பருமணல். மாணவர்கள் காந்தத்தைக் காட்டியதும் கறுப்புத் துகள்கள் சில துள்ளி ஒட்டின. அம்மா மண்டபத்துப் படித்துறையில் எடுத்த மணலிலும் அவை அப்படியே துள்ளியிருந்தன. சிறிது தூரம் போய்ப் போட்டதில் நுண்மணலும் சிப்பித் தூளும் வந்தன. பெரியவர் அதை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“வாத்தியாரையா, இன்னும் கொஞ்சம் மேற்கே போனா சேறு. வலைக்கயித்தைத் தொட்டே சொல்லிடுவேன். இதுக்கு ஏன் கொழுப்பு?” என்றார்.

மேற்கே போய்ப் போட்டோம். நான்கு பாகம். சாம்பல் நிறச் சேறு, வெண்ணெய் போல வழவழவென்று. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் எங்களைப் பார்த்துச் சிரித்தார். மாணவர்கள் அதை வழித்துக் கண்ணாடிக் குப்பியில் இட்டு, இடத்தையும் நாளையும் ஆழத்தையும் சீட்டில் எழுதி ஒட்டிக்கொண்டிருக்கும்போதே காற்று மாறிற்று. அவர் படகைக் கரைக்குத் திருப்பினார்.