கூரைமேல் மூன்று பேர்

நெடும் பயணத்துக்கு வண்டியைத் தயார் செய்வது என்றால் அதில் இன்னும் எதையெதை ஏற்றலாம் என்று யோசிப்பதுதான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். சேலத்திலிருக்கும் என் நண்பரும் அப்படித்தான் எண்ணியிருந்தார். கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷம் பிறர் பணத்தை எண்ணி ஓய்வு பெற்றவர். இனிமேல் மைல்களை எண்ணப் போவதாகச் சொல்லிப் பழைய மகேந்திரா ஜீப் ஒன்றை வாங்கினார். நான்கு சக்கரங்களுக்கும் விசை போகிற ஜாதி. அவரும் மனைவியும் லடாக் வரை போவதாகத் திட்டம். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகருக்குப் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, ஏறக்குறைய 3,745 கிலோமீட்டர், நம்மூர் வழியாகத்தான் போகிறது. "சேலத்துக்காரன் காஷ்மீருக்கு வழி கேட்க வேண்டியதில்லை, ரோட்டை விட்டு இறங்காமல் இருந்தால் போதும்" என்பார்.

வண்டியை மாற்றிக் கட்ட நாமக்கல்லுக்குப் போனோம். சேஸிஸ் வெறும் எலும்புக்கூடாக வந்து, உடம்பு வைத்து லாரியாகத் திரும்புகிற ஊர் அது. பக்கத்துத் திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் லாரிகள் வடநாடெல்லாம் போகின்றன. ஆட்கள் மாதக்கணக்கில் அவற்றோடேயே சமைத்து, உண்டு, உறங்கிக் காலம் தள்ளுகிறார்கள். மேல்நாடுகளில் இதற்குப் பெயர் சூட்டிப் புத்தகங்கள் போடுகிறார்கள். நம்மவர்கள் பிழைப்பு என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பட்டறை மேஸ்திரியிடம் நண்பர் ஒரு படத்தை நீட்டினார். கூரைமேல் இரும்புக் கேரியர். அதில் மடக்குக் கூடாரம், எண்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி, டீசல் கேன் இரண்டு, இன்னொரு ஸ்டெப்னி. ஏறிப் படுக்க ஓர் ஏணி.

மேஸ்திரி சுண்ணக்கட்டியை எடுத்துத் தகரத்தில் எழுதினார். லிட்டருக்கு ஒரு கிலோ, தண்ணீர் எண்பது. கூடாரம் அறுபது. டீசல் நாற்பது. சக்கரம் முப்பது. "இருநூத்திப் பத்துங்க. மூணு ஆளு கூரைமேல ஏறிக் குந்திக்கிட்டு லடாக் வர்ற மாதிரி. குடத்தைத் தலையில வெச்சுக்கிட்டுப் பொம்பளைங்க நேரா நடந்துருவாங்க. ஓடி வந்து வளைவுல திரும்பச் சொல்லிப் பாருங்க" என்றார்.

நண்பர் விடவில்லை. 1955-ஆம் வருஷம் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லாண்ட்ரோவர்களில் செப்டம்பர் 1-ஆம் தேதி லண்டனிலிருந்து கிளம்பி, மறுவருஷம் மார்ச் 6-ஆம் தேதி சிங்கப்பூர் போய்ச் சேர்ந்த கதையைச் சொன்னார். அஸ்ஸாமையும் பர்மாவையும் தாண்டிப் போனவர்கள் சாமானில்லாமலா போனார்கள்?

மேஸ்திரி பொறுமையாகக் கேட்டார். "அவுங்களுக்கு வயசு என்னங்க?"

நண்பருக்கு அறுபத்தொன்று. பட்டறைக்குள் வராமல் வேப்பமர நிழலில் நின்றிருந்த அவர் மனைவியை அப்போதுதான் மேஸ்திரி பார்த்தார். "அம்மா ஏணி ஏறுவாங்களா?"

இந்தக் கேள்வியை வீட்டில் யாரும் கேட்டிருக்கவில்லை என்பது நண்பர் முகத்தில் தெரிந்தது. அந்த அம்மாளுக்கு இரண்டு வருஷமாக முழங்கால் வலி. லே நகரமோ பதினோராயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் இருக்கிறது. காற்றில் பிராணவாயு குறைந்து, போய் இறங்கியதுமே மூச்சு வாங்குகிற ஊர். அங்கே நடுராத்திரியில் ஏணியில் இறங்கி ஏறுவதை நினைத்துப் பாருங்கள்.

பிறகு வேலை சுருக்காக முடிவாயிற்று. கூடாரம் இல்லை. தண்ணீரும் டீசலும் கீழே, இரண்டு அச்சுகளுக்கும் நடுவே. கமான் பட்டைக்கு ஒரு தகடு கூடுதல். பின்பக்கம் படுக்கை. வெட்டி ஒட்டுகிற வேலை மட்டும் வேண்டாம் என்றார் மேஸ்திரி. எல்லாம் போல்ட் போட்டு இறுக்குவதும் கழற்றுவதுமாகவே இருக்கட்டும் என்றார். உற்பத்தியாளர் குறித்த அடிப்படை அமைப்பை மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் ஆர்.சி. புத்தகத்தைத்தான் புரட்டுவார்கள் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

படுக்கைக்கு அளவு வேண்டுமே! நண்பர் டேப்பைத் தம் உயரத்துக்குப் பிடித்தார். மேஸ்திரி அதை வாங்கிக்கொண்டு, "அம்மா, நீங்க ஒருக்காப் படுத்துப் பாருங்க" என்று ஒரு பலகையைத் துடைத்துப் போட்டார். வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில், கூச்சத்தோடு, சேலையை ஒதுக்கிக்கொண்டு அந்த அம்மாள் படுத்தார். வலது காலை நீட்டினார். இடது காலையும் மெல்ல நீட்டினார்.

"இன்னும் நாலு விரக்கடை வேணுமுங்க" என்றார்.

மேஸ்திரி காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பலகையில் கோடு கிழித்தார்.