ஓசூர் லாரியும் சர்வர் ரூம் பெட்டியும்

சரக்கு ரெடி. லாரி ரெடி. டிரைவர் இரண்டாவது டீயும் குடித்து முடித்தாகிவிட்டது. ஆனாலும் கேட்டை விட்டு வண்டி நகரவில்லை. ஏன்?

டீசல் இல்லையா? டயர் பஞ்சரா? இரண்டும் இல்லை. உள்ளே சர்வர் ரூமில் ஒரு பெட்டி மக்கர் செய்கிறது!

ஓசூர் சிப்காட் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய பெயர்கள் ஒரு பக்கம். அவற்றைச் சுற்றி கியர், போல்ட், காஸ்டிங், ரப்பர் சாமான் என்று உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்னதும் நடுத்தரமுமான கம்பெனிகள் எக்கச்சக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே போச்சம்பள்ளியில் ஓலா ஸ்கூட்டர் தொழிற்சாலை 2021-ல் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூர், இன்னும் கொஞ்சம் தள்ளி மைசூர் ரோட்டில் பிடதியில் டொயோட்டா. இங்கே செய்கிற சாமான்களில் பெரும்பகுதி ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி வழியாகத்தான் போகிறது.

இதில்தான் எல்லை ஊரின் தலைவிதி இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள்ளேயே சரக்கு போனால் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல்தான் ஈ-வே பில் வேண்டும். மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேல் போனாலே வேண்டும். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி கூப்பிடு தூரம். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அது வெளிமாநிலம்! 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போய்விட்டன, உண்மைதான். ஆனால் வழியில் எங்கே வேண்டுமானாலும் வண்டியை மடக்கிக் காகிதம் கேட்கலாம். இல்லையென்றால் சரக்கோடு வண்டியை நிறுத்தி வைக்க ஜி.எஸ்.டி. சட்டத்தின் 129-ஆம் பிரிவு இடம் தருகிறது. இது போதாதென்று, 2023 ஆகஸ்ட் முதல் ஆண்டு வியாபாரம் 5 கோடியைத் தாண்டிய கம்பெனிகள் மற்ற கம்பெனிகளுக்குப் போடும் ஒவ்வொரு பில்லையும் ஈ-இன்வாய்ஸாகப் பதிவு செய்து எண் வாங்க வேண்டும்.

அரசாங்கத்தின் இணையதளம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அதில் போட வேண்டிய பில் நம்பர், ஐட்டம், எடை, தொகை எல்லாம் கம்பெனி சர்வரில் அல்லவா இருக்கிறது? சர்வர் படுத்தால் லாரியும் படுக்கும்.

அந்தப் பெட்டி என்ன பெட்டி?

முன்பெல்லாம் ஒரு வேலைக்கு ஒரு கம்ப்யூட்டர். கணக்குக்கு ஒன்று, டிராயிங்குக்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனி ஹார்ட் டிஸ்க். கணக்குக் கம்ப்யூட்டர் செத்தால் கணக்கும் அதோடு போகும். ஒன்றில் இடம் நிரம்பி வழியும், பக்கத்திலேயே இன்னொன்று காலியாகக் கிடக்கும்.

பிறகு வந்ததுதான் விர்ச்சுவல் மெஷின். அதாவது ஒரே பெரிய சர்வருக்குள் பத்து 'பொய்' கம்ப்யூட்டர்கள் ஓடும். ஒவ்வொன்றும் தன்னைத் தனி மெஷின் என்றே நினைத்துக்கொள்ளும். இவற்றின் டிஸ்க் எல்லாம் உண்மையில் பெரிய ஃபைல்கள்தான். அந்த ஃபைல்களை சர்வருக்குள் வைக்காமல், நெட்வொர்க்கில் தனியாக நிற்கும் ஒரு பெட்டியில் வைத்தால்? சர்வர் ஒன்று படுத்தாலும் இரண்டாவது சர்வர் அதே ஃபைல்களைத் திறந்து, சில நிமிடங்களில் வேலையைத் தொடரும். தொழிற்சாலைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும்படி சொன்னால், இது பொது ஸ்டோர்ஸ். ஷிப்ட் மாறும், ஆள் மாறும், டூல் எல்லாம் ஸ்டோர்ஸில் இருப்பதால் வேலை நிற்காது.

இந்த ஸ்டோர்ஸில் இரண்டு வகை உண்டு. ஒன்று நாஸ். ஸ்டோர் கீப்பரிடம் பெயர் சொல்லிக் கேட்டால் அந்த ஃபைலை எடுத்துக் கொடுப்பார். யூனிக்ஸ் உலகில் இதற்கான என்.எஃப்.எஸ். முறையை சன் கம்பெனி 1984-லேயே கொண்டுவந்தது. இன்னொன்று சான். இங்கே ஸ்டோர் கீப்பர் பொருளை எடுத்துத் தர மாட்டார். "இந்தா ரேக், நீயே அடுக்கிக்கொள்" என்று காலி இடத்தைக் கொடுத்துவிடுவார். முதலில் இதற்கு ஃபைபர் சேனல் என்ற விலை உயர்ந்த கேபிள், சுவிட்ச் எல்லாம் வேண்டியிருந்தது. சாதாரண நெட்வொர்க் கேபிளிலேயே இதைச் செய்யும் ஐ-ஸ்கசி முறை 2004-ல் தரமாக அறிவிக்கப்பட்ட பிறகுதான் சின்னக் கம்பெனிகளுக்கும் இது எட்டியது.

சானில் ஒரு ஆபத்து உண்டு. ஒரே ரேக்கை இரண்டு சர்வரிடம் கொடுத்து, இரண்டும் தனித்தனி நோட்டு வைத்துக் கணக்கு எழுதினால் என்ன ஆகும்? ஒன்று வைத்ததன் மேலேயே இன்னொன்று வைக்கும். டேட்டா மொத்தமும் கந்தல். அதனால்தான் பூட்டுப் போட்டு முறை வைத்துப் பகிரும் தனி ஃபைல் சிஸ்டம் (வி.எம்.எஃப்.எஸ். போல) அங்கே கட்டாயம்.

சரி, எல்லாச் சொத்தும் ஒரே பெட்டிக்கு வந்தாயிற்று. வசதிதான். ஆனால் ஆபத்தும் அங்கேயே குடிவந்துவிட்டது! இதைத்தான் பல முதலாளிகள் கவனிப்பதில்லை.

பந்தியும் சாப்பாடும்

கல்யாணத்துக்கு ஐந்நூறு பேரை அழைத்துவிட்டு முந்நூறு பேருக்குச் சமைப்பதுண்டு. எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். ஸ்டோரேஜிலும் இதே கதை. பெட்டியில் இருப்பது 10 டெராபைட். ஆளுக்கு 2 டெராபைட் என்று பத்து விர்ச்சுவல் மெஷினுக்கு வாக்குக் கொடுத்திருப்பார்கள். இதற்குப் பெயர் தின் ப்ரொவிஷனிங். தப்பில்லை, நல்ல சிக்கனம். ஆனால் அண்டாவில் சோறு எவ்வளவு மிச்சம் என்று ஒருவர் தினமும் எட்டிப் பார்க்க வேண்டும். காலியானால் ஒரு மெஷின் மட்டும் நிற்காது, அந்த இடத்தை நம்பி இருக்கிற எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்.

இடத்தை யார் தின்கிறார்கள்? பெரும்பாலும் கேமரா! ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. பதினாறு கேமரா, முப்பது நாள் என்றால் 10 டெராபைட்டைத் தாண்டும். வாட்ச்மேன் வந்து போகிற வீடியோ, கம்பெனியின் கணக்குப் புத்தகத்தை வெளியே தள்ளிவிடும். கேமராவுக்குத் தனிப் பெட்டி வைப்பதே புத்திசாலித்தனம்.

அடுத்த தின்னி ஸ்னாப்ஷாட். சாஃப்ட்வேர் அப்டேட் போடும் முன் 'இருந்தபடி இருக்கட்டும்' என்று ஒரு ஸ்னாப்ஷாட் எடுப்பார்கள். அப்டேட் நன்றாக முடியும். ஸ்னாப்ஷாட்டை அழிக்க மறந்துபோகும். அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருக்கும். ஒரே ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று வி.எம்.வேர் தன் வழிகாட்டியிலேயே சொல்கிறது. ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது என்பதும் அதே வழிகாட்டியில் உண்டு. மூல டிஸ்க் போனால் அதுவும் சேர்ந்தே போகும்.

'டிஸ்க் நிரம்புவதெல்லாம் ஒரு பிரச்னையா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு பெரிய உதாரணம். 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 தொழிற்சாலைகளும் நின்றன. ஹேக்கர் இல்லை, வைரஸ் இல்லை. உதிரிபாக ஆர்டரைக் கையாளும் சர்வர்களில் இரண்டு நாள் முன்பு பராமரிப்பு வேலை நடந்தது. பழைய டேட்டாவை ஒழுங்குபடுத்தும்போது டிஸ்க்கில் இடம் போதவில்லை. அவ்வளவுதான்! மாற்று ஏற்பாடு இருந்ததே என்றால், அதுவும் அதே சிஸ்டத்தில் ஓடியதால் அதே காரணத்துக்காக அதுவும் படுத்தது. கொள்ளளவு அதிகமான வேறு சர்வருக்கு டேட்டாவை மாற்றிய பிறகுதான் மறுநாள் லைன் ஓடியது.

நேரத்துக்குச் சரக்கு, கிடங்கில் இருப்பு வைக்காதே என்ற முறையை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த கம்பெனிக்கே இந்த நிலை. அந்த முறையைத்தான் ஓசூரின் சப்ளையர்களும் பின்பற்றுகிறார்கள்.

இரண்டு டிஸ்க், ஒரு தூக்கமில்லாத இரவு

"ரெய்டு போட்டிருக்கோம் சார், டிஸ்க் போனாலும் பயமில்லை" என்பது சர்வர் ரூம்களில் அடிக்கடி கேட்கிற வசனம். டேட்டாவைப் பல டிஸ்க்கில் பிரித்து வைக்கும் இந்த யோசனைக்கு ரெய்டு என்று பெயர் சூட்டி, 1988-ல் ஆய்வுக் கட்டுரையாக எழுதியவர்கள் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகிய மூவர். நல்ல யோசனைதான். ஆனால் ரெய்டு 5-ல் ஒரு டிஸ்க்தான் சாகலாம். புது டிஸ்க் போட்டால் அது முழுவதும் திரும்ப நிரம்ப வேண்டும். 12 டெராபைட் டிஸ்க், நொடிக்கு 200 எம்.பி. வேகம் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 17 மணி நேரம். நடுவில் ஆபீஸ் வேலையும் நடந்தால் இன்னும் இழுக்கும். மிச்ச டிஸ்க்குகளும் அதே நாளில் வாங்கியவை, அதே அளவு உழைத்தவை. அந்த 17 மணி நேரத்தில் இன்னொன்று போனால் கதை முடிந்தது. பெரிய டிஸ்க்குகளுக்கு, இரண்டு போனாலும் தாங்கும் ரெய்டு 6 போடச் சொல்வது இதனால்தான்.

எந்த ரெய்டு போட்டாலும், தப்பாக அழித்த ஃபைலை அது காப்பாற்றாது. எல்லா டிஸ்க்கிலும் ஒழுங்காக, ஒரே சமயத்தில் அழித்துக் கொடுக்கும்!

ரேன்சம்வேர் வந்தாலும் அப்படியே. பொதுப் பெட்டியை 'இசட் டிரைவ்' என்று எல்லா கம்ப்யூட்டரிலும் இணைத்து வைத்திருப்பார்கள். ஒரு கம்ப்யூட்டரில் புகுந்தது அந்த டிரைவ் முழுவதையும் பூட்டிவிடும். 2022 பிப்ரவரி கடைசியில் கொஜிமா என்ற ஜப்பான் உதிரிபாகக் கம்பெனியை இப்படித்தான் தாக்கினார்கள். துணை நிறுவனம் ஒன்றின் ரிமோட் இணைப்பு வழியாக உள்ளே வந்தார்கள். மார்ச் 1 அன்று டொயோட்டாவின் 14 தொழிற்சாலைகளும் ஒரு நாள் நின்றன. சுமார் 13,000 வண்டிகள் அன்று தயாராகவில்லை. நின்றது பெரிய கம்பெனி, ஓட்டை விழுந்தது சப்ளையரிடம்.

அதே ஆண்டு நவம்பர் 23-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை. ஐந்து சர்வர், சுமார் 1.3 டெராபைட் டேட்டா பூட்டப்பட்டது. ஏறக்குறைய இரண்டு வாரம் பேனாவும் பேப்பரும்தான். தாக்குதல் தொடாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால் நோயாளிகளின் விவரம் திரும்பக் கிடைத்தது.

தென்கொரியாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2025 செப்டம்பர் 26-ல் தேஜான் நகரின் அரசு டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் ஃபைல் வைத்திருந்த ஜி-டிரைவில் 858 டெராபைட் எரிந்துபோனது. அளவு பெரியது என்று சொல்லி வெளியே நகலே வைக்கவில்லை.

மூன்று, இரண்டு, ஒன்று

இதற்கு மருந்து புதிதல்ல. பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர், தன் போட்டோக்களைப் பாதுகாக்கச் சொன்ன கணக்கு அது: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். கல்யாண ஆல்பத்துக்குப் பொருந்துவது கம்பெனிக் கணக்குக்கும் பொருந்துகிறது. ஓசூர்க் கம்பெனி என்றால் மூன்றாவது நகல் கிருஷ்ணகிரியிலோ சென்னையிலோ இருக்கலாம். அதே யு.பி.எஸ்., அதே கட்டடம், அதே பாஸ்வேர்டு, இந்த மூன்றில் எதுவும் பொதுவாக இருக்கக் கூடாது. கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள் கணக்கு நகலை இந்தியாவிலுள்ள சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்பது 2022 ஆகஸ்ட் முதல் விதியும்கூட.

இவ்வளவும் தெரிந்த ஒருவர் பெரும்பாலும் அந்தக் கம்பெனியிலேயே இருப்பார். பிரிண்டர் பேப்பர் மாட்டினாலும் கூப்பிடுகிற அதே ஐ.டி. பையன்தான் அவர். இரண்டாவது பெட்டி வேண்டும் என்று அவர் போய்க் கேட்பார். "ஏம்ப்பா, நல்லாத்தானே ஓடுது? புது மெஷின் வாங்கினா ஜாப் வரும். இது வாங்கினா என்ன வரும்?" என்பார் முதலாளி. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒன்றும் வராது. வராமல் இருப்பதற்காகத்தான் அந்தச் செலவு. ஆனால் வராமல் போன நஷ்டத்தை எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் காட்ட முடியாது என்பதால், அவர் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவார்.

அவருக்கு ஒரு வழி இருக்கிறது. காசு அதிகம் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேக்கப்பிலிருந்து பில்லிங் மெஷினை ஒரு பழைய கம்ப்யூட்டரில் திரும்ப எழுப்பிப் பார்க்க வேண்டும், கையில் கடிகாரத்தோடு. இரண்டு மணி நேரத்தில் எழுந்தால் நிம்மதி. இரண்டு நாள் ஆனால் அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி முதலாளி மேஜையில் வைக்கலாம்: இத்தனை மணி நேரம் பில் கிடையாது, இத்தனை லாரி கேட்டில் நிற்கும். டெராபைட் புரியாத முதலாளிக்கும் லாரி வாடகை புரியும்.

உங்கள் அப்பாவோ அண்ணனோ சிப்காட்டில் வேலை பார்த்தால் இன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள். 'பேக்கப் இருக்கா?' என்று கேட்காதீர்கள், இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 'கடைசியா எப்போ அதைத் திருப்பி எடுத்துப் பாத்தீங்க?' என்று கேளுங்கள்.