பீரோவுக்குப் பூட்டு இருந்தது, மின்னஞ்சலுக்கு இல்லை

நார்த்தாமலையில் எங்கள் அலுவலகம் என்பது வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை. விஜயாலய சோழீச்சரத்தைப் பார்க்க வருகிறவர்கள் சில நேரம் எங்களிடம் வழி கேட்பார்கள். உள்ளே இரண்டு மேசை, ஒரு பீரோ. மனுக்களின் நகல், முதல் தகவல் அறிக்கை, காயச் சான்றிதழ் எல்லாம் பீரோவுக்குள். சாவியை எங்களில் ஒருவர் எப்போதும் இடுப்பில் வைத்திருப்போம். பத்திரமாக இருக்கிறோம் என்றுதான் நினைத்திருந்தோம்.

ஒருநாள் மதியம் ஓர் அம்மா வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னோம். வரவில்லை.

"ஏம்ப்பா, நான் உங்ககிட்ட மட்டுந்தானே சொன்னேன்? டீக்கடையில அது எப்படிப் பேச்சாச்சு?"

அவர் பெயரையும் ஊரையும் இங்கே எழுதப்போவதில்லை. இந்தக் கட்டுரையே அதைப் பற்றியதுதான். நூறு நாள் வேலை நடந்த இடத்தில் நம் பையன் ஒருவனைச் சாதி சொல்லித் திட்டி அடித்ததை நேரில் பார்த்தவர் அவர். நாங்கள் மூன்றாவது முறை போனபோதுதான் வாய் திறந்தார். எழுதினோம், படித்துக் காட்டினோம், கைநாட்டு வாங்கினோம், ஸ்கேன் செய்து மதுரையில் இருக்கும் வழக்கறிஞருக்கு மின்னஞ்சலில் அனுப்பினோம். அவர் சாட்சி சொல்லத் தயார் என்பது அப்போது போலீசுக்கே தெரியாது. ஆனால் ஊர்த்தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் மகனை யாரும் வயல் வேலைக்குக் கூப்பிடவில்லை.

அன்று இரவு எங்கள் ஜிமெயில் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். எந்தெந்தக் கருவிகளில் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியல் அங்கே இருக்கும். அதில் எங்களுடையது அல்லாத ஒரு கணினியும் இருந்தது. ஸ்கேன் செய்யப் போன பிரவுசிங் சென்டரின் கணினி அது. கரண்ட் போய் வந்த அவசரத்தில் கணக்கை மூடாமல் வந்திருக்கிறோம். யார் திறந்தார்கள், யார் படித்தார்கள் என்று எங்களால் நிரூபிக்க முடியாது. கடைக்காரரைக் குறை சொல்லவும் மாட்டோம். பூட்டாமல் வந்தது நாங்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி ஊர் ஊராகப் போய் வகுப்பு எடுக்கிறவர்கள் நாங்கள். 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவோம். சாட்சியின் பெயரையும் முகவரியையும் தீர்ப்பிலும் பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணங்களிலும் மறைக்கச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அந்தப் பிரிவு அதிகாரம் தருகிறது. நீதிமன்றம் மறைக்க வேண்டும் என்று கேட்கிற நாமே அந்தப் பெயரைத் திறந்த பெட்டியில் வைத்திருந்தால், யாரிடம் போய் என்ன கேட்பது?

அதனால் வேலையை மாற்றினோம். மாணவத் தோழர்களுக்கும் பயன்படும் என்பதால் ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். இதற்குக் கணினிப் பட்டம் தேவையில்லை. எங்களில் யாரிடமும் அது கிடையாது.

முதலில் ஒரு பழைய மடிக்கணினி வாங்கினோம். அதில் உபுண்டு நிறுவும்போதே வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்யும் வசதியைத் தேர்ந்தெடுத்தோம். கணினி அணைந்திருக்கும்போது திருடு போனாலும் கடவுச்சொல் இல்லாமல் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் பிட்லாக்கர் தங்கள் பதிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது தண்டர்பேர்ட். பணம் கட்டத் தேவையில்லாத, மூல நிரல் திறந்திருக்கும் மின்னஞ்சல் மென்பொருள். அதை அதன் சொந்த இணையதளத்திலிருந்தோ உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். பெயரையும் முகவரியையும் கொடுத்தால் மற்ற விவரங்களை அதுவே கண்டுபிடித்துவிடும். ஆனாலும் ஒருமுறை சரிபாருங்கள். ஜிமெயில் என்றால் அஞ்சல் வாங்கும் ஐமேப் வழிக்கு 993, அனுப்பும் எஸ்எம்டிபி வழிக்கு 465. இரண்டிலும் டிஎல்எஸ் இருக்க வேண்டும். வழியில் யாரும் பிரித்துப் படிக்காமல் காப்பது அதுதான்.

கடவுச்சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டு வெளி மென்பொருளை உள்ளே விடுவதைத் தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே 30இல் நிறுத்திவிட்டது. இப்போது கூகுளின் உள்நுழைவுச் சாளரம் திறக்கும். அங்கே அனுமதி கொடுத்தால் போதும். கடவுச்சொல் தண்டர்பேர்டில் தங்காது. மடிக்கணினி தொலைந்தால் வேறொரு கருவியிலிருந்து அந்த அனுமதியை ரத்து செய்யலாம். இதற்கு முன்பே கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள்.

பிரவுசரில் படித்தால் என்ன என்று கேட்கலாம். பிரவுசர் பாதுகாப்பற்றது அல்ல. கண்ட இடத்தில் கணக்கைத் திறக்கும் நம் பழக்கம்தான் ஆபத்து. ஒரே கணினி, ஒரே மென்பொருள் என்று முடிவெடுத்ததும் அந்தப் பழக்கம் நின்றது. வாக்குமூலம் வந்ததும் அதைத் தண்டர்பேர்டின் உள்கோப்புறைக்கு மாற்றிவிட்டு, ஜிமெயிலிலிருந்து நீக்குகிறோம். குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் 30 நாள் அங்கேயே கிடக்கும். நாளை யாராவது கணக்குக்குள் நுழைந்தாலும் அந்தப் பழைய கடிதங்கள் அங்கே இருக்காது. ஆனால் அப்போது மூலப்பிரதி நம்மிடம் மட்டும்தான். குறியாக்கம் செய்த இன்னொரு வட்டில் வாராவாரம் நகல் எடுக்கிறோம்.

தண்டர்பேர்டில் முதன்மைக் கடவுச்சொல் என்று ஒன்று உண்டு. அது சேமித்த கடவுச்சொற்களையும் அனுமதிகளையும்தான் பூட்டும், கடிதங்களைப் பூட்டாது. கடிதங்களைக் காப்பது முதலில் செய்த வட்டுக் குறியாக்கம். இது தெரியாமல் நாங்கள் ஒரு மாதம் ஏமாந்திருந்தோம்.

கடைசியாக ஓப்பன்பிஜிபி. 2020இல் வந்த 78ஆம் பதிப்பிலிருந்து இது தண்டர்பேர்டுக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் தோழர் ஒருவர் இதை உண்டியல் என்று விளக்குவார். உண்டியலில் யார் வேண்டுமானாலும் போடலாம்; சாவி வைத்திருப்பவர்தான் திறக்க முடியும். பொதுத்திறவி என்பது ஊருக்குக் கொடுக்கும் உண்டியல். தனித்திறவி நம் இடுப்புச் சாவி. வழக்கறிஞரின் பொதுத்திறவி உண்மையிலேயே அவருடையதுதானா என்று அதன் கைரேகை எண்ணைப் போனில் வாசித்துச் சரிபார்த்தோம். இப்போது நாங்கள் அனுப்பும் வாக்குமூலத்தைக் கூகுளும் படிக்க முடியாது. யார், யாருக்கு, எப்போது அனுப்பினார்கள் என்பது மட்டும் மறையாது. தனித்திறவி தொலைந்தால் பழைய கடிதங்களை நாமும் திறக்க முடியாது. அதற்கும் நகல் வேண்டும்.

இதன் மூலமான பிஜிபியை 1991இல் எழுதியவர் பில் சிம்மர்மன். அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தில் வேலை செய்தவர். அதற்காக அமெரிக்க அரசு அவரை மூன்று ஆண்டுகள் விசாரித்து, 1996இல் வழக்குப் போடாமல் கைவிட்டது. நம்மைப் போன்றவர்களுக்காகவே ஒருவர் செய்து வைத்த பூட்டு இது.

ஆனால் இந்தப் பூட்டும் எல்லாவற்றையும் தடுக்காது. பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் கணினியை ஆராய்ந்த ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்க நிறுவனம் 2021 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. 2016 ஜூனில் தெரிந்தவர் கணக்கிலிருந்து வந்த மின்னஞ்சலின் இணைப்பைத் திறந்ததும் நெட்வயர் என்ற வேவு மென்பொருள் உள்ளே வந்தது, பிறகு அதன் வழியாகக் கோப்புகள் வைக்கப்பட்டன என்றது அந்த அறிக்கை. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த ஸ்டேன் சுவாமியின் கணினியிலும் அப்படி நடந்தது என்று 2022 டிசம்பரில் அதே நிறுவனம் சொன்னது. அவர் 2021 ஜூலை 5இல் காவலிலேயே இறந்துபோயிருந்தார். தேசியப் புலனாய்வு முகமை இந்த முடிவுகளை ஏற்கவில்லை. 2020 ஜூனில் ஆம்னஸ்டியும் சிட்டிசன் லேபும் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவில் ஒன்பது மனித உரிமைச் செயற்பாட்டாளர்களுக்கு இதே போன்ற பொறி மின்னஞ்சல்கள் போனது தெரிந்தது.

இணைப்பைத் திறந்த கணத்தில் குறியாக்கம் உதவிக்கு வராது. அதனால் எங்களுக்குள் ஒரு விதி உண்டு. எவ்வளவு நெருங்கிய தோழர் அனுப்பினாலும், கேட்காத இணைப்பு வந்தால் போன் போட்டு "நீங்கதான் அனுப்புனீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவோம். தண்டர்பேர்ட் வெளியிலிருந்து வரும் படங்களைத் தானாகவே தடுத்து வைக்கும். அந்தத் தடையை எடுக்காதீர்கள்.

"நாம என்ன திருட்டு வேலையா பாக்குறோம்? எதுக்கு ஒளிக்கணும்?" என்று பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பக்கத்தில் இருந்த பெரியவர்தான் பதில் சொன்னார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சேரிக்கு வரும் கடிதம் ஊர்த்தெருக் கடையில்தான் கிடக்குமாம். மலேயாவிலிருந்து சித்தப்பா எழுதியதைக் கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் படித்து முடித்த பிறகுதான் வீட்டுக்கு வரும். "பணம் வருதுன்னு தெரிஞ்சா கூலியக் கொறச்சுருவாங்க தம்பி" என்றார். நம் கடிதத்தை நமக்கு முன்னால் இன்னொருவர் படிப்பது நமக்குப் புதிதில்லை. அதை நிறுத்துவதும் உரிமைப் போராட்டம்தான்.

அந்த அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னோம். தப்பு எங்களுடையது என்று சொன்னோம். மகனுக்குப் புதுக்கோட்டையில் வேலை தேடிக் கொடுத்தோம். சாட்சி சொல்ல வருவாரா என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எங்களுக்கு இல்லை. போன மாதம் அவரே வந்தார். இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தார். மடிக்கணினியைக் காட்டி, "இதுக்குப் பூட்டு இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது என்று சொல்லிக் காட்டினோம். சாட்சி சொல்வது பற்றி அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

தோழர்களே, இன்று இரவே உங்கள் கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்று பாருங்கள். மற்றதை நாளை செய்யலாம்.

ஜெய்பீம்.