கண்டியிலிருந்து மாத்தளைக்கு: ஒரு ஹொக்கிப் பிரயாணம்

கண்டி மாநகரைப் பற்றி எழுதப் புகுவோர் தலதா மாளிகையில் தொடங்கி, வாவியை ஒருமுறை வலம் வந்து, பேராதனைப் பூந்தோட்டத்தில் முடிப்பது வழக்கம். நாம் இன்று அவ்வழியை விட்டு, மணிக்கூட்டுக் கோபுரத்தடியில், சனிக்கிழமை விடியற்காலை ஆறு மணிக்கு, பதினாறு சிறுவர்களுடனும் ஒரு சாக்கு நிறைந்த ஹொக்கி மட்டைகளுடனும் நின்றுகொண்டு தொடங்குகின்றோம்.

கல்லூரியில் தமிழ் கற்பிப்பது நம் தொழில். ஹொக்கி நாம் ஆடியதில்லை. ஆசிரியர் கூட்டத்தில் எவரும் கையுயர்த்தாத ஒரு வேளையில், பதினைந்து வயதுக்குட்பட்ட ஹொக்கி அணியின் பொறுப்பாசிரியர் என்ற பதவி நம் தலையில் வந்து இறங்கிற்று. ஆட்டத்தைக் கற்பிக்க மாத்தளையைச் சேர்ந்த பழைய ஆட்டக்காரர் ஒருவர் பயிற்றுநராக இருக்கின்றார். கடிதம் எழுதுவது, பஸ் பேசுவது, பெற்றோருக்குப் பதில் சொல்வது, காயத்துக்கு மருந்து கட்டுவது ஆகிய யாவும் நம் பங்கு.

அந்த மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கண்டிவாசிகள் நாள்தோறும் பார்க்கின்றனர். வாகன விபத்தில் மகனை இழந்த ஒரு தந்தை, அம்மகனின் நினைவாக நகருக்கு அளித்த கொடை அது என்பதை அறிந்தவர் சிலரே. 1950இல் திறந்து வைக்கப்பட்டது. பிள்ளைகளைத் தூரப் பிரயாணத்துக்கு அழைத்துச் செல்லும் ஒருவன் அதனடியில் நின்று தலைகளை எண்ணும்போது, எண்ணிக்கையை இன்னொருமுறை சரிபார்த்துக் கொள்வது இயல்பே.

கண்டி ரக்பியின் ஊர். நித்தவெலையில் ஓர் ஆட்டமென்றால் நகரமே அங்கே இருக்கும். பிரட்பி கேடயப் போட்டிக் காலத்தில் வேறு பேச்சுக்கு இடமில்லை. ஹொக்கிப் பையன்களுக்கு மைதானம் கிடைப்பது, ரக்பிக்காரரும் கிரிக்கெட்டுக்காரரும் விட்டுப்போன நேரத்தில்தான். மேடும் பள்ளமுமான தரையில் பந்து எங்கே துள்ளும் என்று பந்துக்கே தெரியாது. ஆகவே நல்ல ஆட்டம் வேண்டுமானால் ஊர்விட்டு ஊர் செல்ல வேண்டும். பருவம் முழுவதும் சனிக்கிழமைதோறும் நாம் பஸ் ஏறுவது இதனாலேயே.

பருவத்தின் ஆரம்பத்தில் பெற்றோருக்கு ஒரு கடிதம் அனுப்புவோம். தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கம். குறித்த நேரத்துக்கு வரவேண்டும். வர இயலாவிடின் முதல்நாளே அறிவிக்க வேண்டும். மத்தியஸ்தரின் தீர்ப்பைப் பிள்ளையும் மறுத்துப் பேசலாகாது, கோட்டருகே நிற்கும் தகப்பனாரும் மறுத்துப் பேசலாகாது. கொண்டுவந்த சோற்றைப் பகிர்ந்து உண்ண வேண்டும். இவற்றை எவரும் ஆட்சேபித்ததில்லை. சென்ற பருவத்தில் நாம் புதிதாகச் சேர்த்த கடைசி வரிதான் சர்ச்சைக்கு இடமாயிற்று: “பஸ்ஸில் ஏறியவன் ஒவ்வொருவனும் ஆடுவான்.”

அவ்வரிக்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முந்திய பருவத்தில் ஒரு சிறுவனை மாத்தளைவரை அழைத்துச் சென்று, நாள் முழுவதும் வாங்கில் அமர்த்தி, ஆடவிடாமலே திருப்பி அழைத்து வந்தோம். ஆட்டங்கள் நெருக்கமாக இருந்தன. மாற்ற மனம் வரவில்லை. திரும்பும் வழியில் அவன் தன் மட்டையைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தான். அழுக்குப் படாத மட்டை அது. திங்கட்கிழமைப் பயிற்சிக்கு அவன் வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. வகுப்பில் மட்டும் நம்மைக் கண்டான், மிக்க மரியாதையுடன். அவனை ஹொக்கியிலிருந்து நீக்கியவர்கள் நாமே. அதை அவனிடம் சொல்லவும் நமக்கு வாய் எழவில்லை.

பயிற்றுநர் அவ்வரியை முதலில் விரும்பவில்லை. “ஆடப் போவது வெல்லத்தானே, சேர்?” என்றார். ஹொக்கியில் ஆட்டத்தின் நடுவே எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம் என்ற விதி 1992 முதல் இருந்துவருவதை அவரே நமக்குக் கற்பித்திருந்தார். அதையே எடுத்து அவரிடம் சொன்னோம். வெளியே போனவன் திரும்ப வரலாமென்றால், வாங்கில் இருப்பவனை மறப்பதற்கு என்ன சாட்டு உண்டு? அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

நிற்க. பஸ் கட்டுகஸ்தோட்டையை அடைந்து மகாவலி கங்கையைக் கடக்கும்போது, பையன்கள் அனைவரும் ஒரு பக்க யன்னலுக்குத் தாவுவர். புனித அந்தோனியார் கல்லூரி அங்கேதான் இருக்கின்றது. டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள் வீழ்த்திய முத்தையா முரளிதரன் கற்ற இடம். மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்த அவரைப் பதினான்கு வயதில் சுழற்பந்துக்குத் திருப்பியவர் கல்லூரிப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. அந்த வயதுப் பையன்கள்தாம் நம் பஸ்ஸில் இருப்பவர்களும். யாரிடம் என்ன ஒளிந்திருக்கின்றது என்பதை வாங்கில் உட்கார்த்தி வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று பயிற்றுநரைக் கேட்டோம். “கிரிக்கெட்டை இதற்குள் இழுக்காதீர்கள்” என்றார்.

மாத்தளைக்குப் புகையிரதப் பாதை 1880இல் அமைந்தது. அது வத்துகாமம், உக்குவளை வழியே வளைந்து செல்லும். தெருவழியாயின் ஏறக்குறைய 26 கிலோமீற்றர். அக்குறணைக் கடைகளில் வியாபாரம் தொடங்கும் நேரம் அது. மழை கடுத்தால் பிங்கா ஓயா பெருகி அக்கடைகளுக்குள் புகுந்துவிடும். அன்று வானம் தெளிவாயிருந்தது. அலவத்துகொடை கழிந்து பலகடுவைக் கணவாயில் பஸ் முனகிக்கொண்டு ஏறும்போது, இருவருக்கு வாந்தி வருவது நிச்சயம். எலுமிச்சம்பழம் நம் பையில் எப்போதும் உண்டு.

இந்த வடக்கு வீதிக்கு ஒரு சோகக் கதையும் இருக்கின்றது. காப்பித் தோட்டக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய கூலியாட்கள், காட்டுவழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்து சேர்ந்தனர். பசியாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டவர் பலர். நம் பஸ்ஸின் பின்னாசனத்தில், ஹந்தானைத் தோட்டத்து லயத்திலிருந்து விடியுமுன் நடந்து இறங்கிவந்த ஒரு சிறுவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் முன்னோர் அவ்வழியே வந்திருக்கக்கூடும். உடம்பு மெலிந்தவன். மட்டை கல்லூரியுடையது, சப்பாத்து அண்ணனுடையது. ஆயினும் ஒரு நாளும் பயிற்சிக்குப் பிந்தியதில்லை.

மாத்தளை ஹொக்கியின் ஊர். தமிழ்நாட்டில் கோவில்பட்டி எப்படியோ, இலங்கையில் மாத்தளை அப்படி. தேசிய அணிக்குத் தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரரைத் தந்த பட்டினம். முத்துமாரியம்மன் கோயிலின் பஞ்சரத பவனி எவ்வளவு பிரசித்தமோ, அவ்வளவு பிரசித்தம் அதன் ஹொக்கியும். அங்குள்ள சிறுவர் தெருவோரத்திலும் மட்டையுடன் நிற்பர். நந்திமித்ர ஏக்கநாயக்கவின் பெயர் தாங்கிய செயற்கைப் புற்றரை மைதானமும் அங்கே அமைந்தது. 1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில் ஹொக்கி இத்தகைய தரைக்கு மாறியபின், புல்லில் பயின்றவனுக்கும் இதில் பயின்றவனுக்கும் ஆட்டமே வேறாகிவிட்டது. பந்து துள்ளாமல், தாழ்ந்து, நினைப்பதற்கு முன்னே வந்துவிடும். நம் பையன்கள் முதல் பத்து நிமிடம் பந்து போன இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றனர்.

ஆயினும் மூன்றாம் கால்பகுதி முடிந்தபோது 1–1. மூத்த பெற்றோர் ஒருவர், தம் காலத்து ஆட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டு, “ஓஃப்சைட்! ஓஃப்சைட்!” என்று கத்தியவண்ணம் இருந்தார். அவ்விதி 1990களிலேயே நீக்கப்பட்டது என்பதை அவருக்குச் சொல்ல எவருக்கும் துணிவில்லை. பதினைந்து பேர் ஆடிவிட்டனர். ஹந்தானைச் சிறுவன் ஒருவனே எஞ்சியிருந்தான். இன்னொரு தகப்பனார் நம் அருகே வந்து, தாழ்ந்த குரலில், “இப்போது கலைக்க வேண்டாம், சேர். பிள்ளைகள் வெல்லட்டும்” என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகின்றோம். அக்கணத்தில் நம் மனமும் அவர் பக்கமே சாய்ந்தது. மாத்தளையில், மாத்தளையாரைத் தோற்கடிப்பதா! கண்டிக்குத் திரும்பி அதிபரிடம் சொல்வதற்கு வாக்கியம்கூட மனத்தில் அமைந்துவிட்டது. பயிற்றுநரைப் பார்த்து, “கடைசி இரண்டு நிமிடத்துக்கு விடுவோமா?” என்றோம். அவர் நம்மைத் திரும்பிப் பார்த்தார். “கடிதம் எழுதியது நீங்கள்” என்று சொல்லிவிட்டு, சிறுவனுக்குக் கை காட்டினார். இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது.

ஹொக்கி மட்டைக்கு ஒரு பக்கமே தட்டை. அந்தப் பக்கத்தால்தான் பந்தை ஆடலாம். இடக்கை மட்டை என்பது கிடையாது. ஆகையால் எவனுக்கும் தன் இடப்புறம் பலவீனமே; அங்கே வரும் பந்தை மட்டையைத் திருப்பிப் பிடித்துத் தடுக்க வேண்டும். அதை மாத்தளைச் சிறுவர் தாய்ப்பாலுடன் அறிந்தவர்கள். புதிதாக ஒருவன் பின்காவலுக்கு வந்ததும், நேரே அவன் இடப்புறமாகவே பந்தைச் செலுத்தினர். அவன் மட்டையைத் திருப்புமுன் பந்து போய்விட்டது. கோல் 2–1.

அதன்பின் அவன் இருமுறை அதே இடப்புறத்தில் பந்தைத் தடுத்தான். ஒருமுறை முழந்தாள் தரையில் உரச. அதைப் பார்த்தவர் நாமும் பயிற்றுநருமே என்று தோன்றுகின்றது. மற்றவர் யாவரும் விழுந்த கோலையே நினைத்திருந்தனர். ஆட்டம் அப்படியே முடிந்தது.

சோறு உண்ணும்போது பையன்களிடையே பேச்சு இல்லை. அணித்தலைவன் தன் பொதியை அவிழ்த்து, ஒன்றும் சொல்லாமல், பாதி முட்டையை ஹந்தானைச் சிறுவனின் இலையில் வைத்தான். முந்திய தகப்பனார் நம்முடன் பேசவில்லை. அவர்மேல் நமக்குக் கோபமுமில்லை; வெல்ல வேண்டுமென்ற ஆசை பாவமன்று. தோற்பதற்காகப் பிள்ளைகளை விடியுமுன் எழுப்புகிறவர் எவர்? ஆனால் பதினாறுபேரை எழுப்பிவிட்டுப் பதினைந்துபேருக்கு மட்டும் ஆட்டம் என்பது நமக்கு இனிச் சரிவராது. அடுத்த பருவத்துக் கடிதத்திலும் அவ்வரி இருக்கும். வேண்டுமானால் பிள்ளையை வேறு கல்லூரியில் சேர்க்கட்டும் என்று எழுதவும் ஆசைதான், அதிபர் அனுமதிக்கமாட்டார்.

கண்டியை அடையும்போது மழை பிடித்துக்கொண்டது. வாவிக்கரை விளக்குகள் ஏற்றியாயிற்று. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் மறுபடியும் எண்ணினோம், பதினாறு. ஒவ்வொருவனாகப் போய்விட்டார்கள். ஹந்தானைக்குச் செல்லும் பஸ்ஸைக் காணவில்லை. சிறுவனும் நாமும் ஒரு கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றோம். முழந்தாளில் நாம் கட்டிய துணி நனைந்திருந்தது. அவன் கேட்டதெல்லாம், மட்டையைத் திங்கட்கிழமைவரை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்பதே.

சற்று நேரத்தில் ஒரு முச்சக்கர வண்டியில் தகப்பனார் வந்து இறங்கினார். நகரில் கடையொன்றில் மூட்டை சுமப்பவர். நாம் தோல்வியை எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தோம்.

“புள்ள வெளாண்டானா, சேர்?” என்றார்.

“ஆடினான். ஒன்பது நிமிடம்” என்றோம்.

அவர் மகனின் தலையைத் தோளிலிருந்த துண்டால் துவட்டினார். எத்தனைக்கு எத்தனை என்று கேட்கவில்லை. மட்டை நீளமானதால் வண்டிக்குள் குறுக்கே வைக்க இடமில்லை. இருவரும் அதை முழங்கால்களுக்கிடையே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டனர். வண்டி மலைப்பாதையில் ஏறத் தொடங்கிற்று.

அடுத்த சனிக்கிழமை ஆட்டம் பேராதனையில். ஹந்தானை மலையின் மறுபக்கமாக இறங்கினால், அவன் நடந்தே வந்துவிடலாம்.