டீம் போயிருச்சு... டிரம் சத்தம் போகலை!

கலிஃபோர்னியான்னு சொன்னதும் உங்க கண்ணு முன்னாடி என்ன வரும்? கோல்டன் கேட் பாலம், ஹாலிவுட், அப்புறம் யாராவது ஒரு சீனியர் இன்ஸ்டாகிராம்ல போட்ட கூகுள் ஆபீஸ் போட்டோ... கரெக்ட்டா? அதையெல்லாம் ஓரமா வைங்க பாஸ். டூரிஸ்ட் யாரும் தேடிப் போகாத ஒரு ஊருக்கு உங்களைக் கூட்டிட்டுப் போறேன். ஊர் பேர் ஓக்லாந்து. சான் பிரான்சிஸ்கோவுக்கு நேர் எதிர்க்கரை. நடுவுல கடல் விரிகுடா, மேல ஒரு நீளமான பாலம். துறைமுகம், கன்டெய்னர் கிரேன், உழைக்கிற ஜனம்னு இருக்கிற ஊர்.

இந்த ஊருக்கு ஒரு சோகமான ரெக்கார்டு இருக்கு. அஞ்சே வருஷத்துல மூணு பெரிய டீமைப் பறிகொடுத்த ஊர் இது. 2019-ல பேஸ்கட்பால் டீம் வாரியர்ஸ் அக்கரையில இருக்கிற சான் பிரான்சிஸ்கோவுக்குப் போச்சு. 2020-ல ஃபுட்பால் டீம் ரெய்டர்ஸ் லாஸ் வேகாஸுக்கு மூட்டை கட்டுச்சு. 2024-ல பேஸ்பால் டீம் அத்லெடிக்ஸும் கிளம்பிருச்சு. அத்லெடிக்ஸை எல்லாரும் செல்லமா 'ஏ'ஸ்'னுதான் கூப்பிடுவாங்க. நானும் அப்படியே கூப்பிடுறேன்.

பி.ஈ. படிக்கிற உனக்கும் ஓக்லாந்துக்கும் என்னடா சம்பந்தம்னு கேட்கிறீங்களா? சிம்பிள். ஹாஸ்டல்ல ஒரு நாள் ராத்திரி 'மணிபால்' படம் பார்த்தேன். பிராட் பிட் நடிச்சு 2011-ல வந்த படம். காசு இல்லாத ஒரு டீம், புள்ளிவிவரத்தை மட்டும் நம்பி ஆள் எடுத்து ஜெயிக்கிற நிஜக் கதை. அந்த டீம்தான் 2002-ம் வருஷத்து ஏ'ஸ். அன்னிக்கு ஒட்டிக்கிட்டதுதான், இன்னும் விடலை. 2025 ஜூன்ல அக்கா பிரசவத்துக்காக அம்மா ஃப்ரீமான்ட் கிளம்பினப்போ, செமஸ்டர் லீவைக் காட்டி நானும் கூடவே தொத்திக்கிட்டேன்.

ஃப்ரீமான்ட்லயும் ஒரு ஃப்ளாஷ்பேக் உண்டு. நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற ஊர். மளிகைக் கடைக்குப் போனா நாலு பேர் தமிழ் பேசுறது காதுல விழும். இந்த ஊர்லதான் 2006-ல ஏ'ஸுக்குப் புது ஸ்டேடியம் கட்டப் போறோம்னு அறிவிச்சாங்க. உள்ளூர் எதிர்ப்பு, செலவு, இழுபறி எல்லாம் சேர்ந்து 2009-ல திட்டத்தையே கைவிட்டாங்க. டீம் ஊரை விட்டுப் போன கதை 2023-ல தொடங்கலைங்க. அது இருபது வருஷ இழுவை!

பாலத்தைத் தாண்டினா பள்ளம்

சரி, ரயில் ஏறுங்க. பேரு 'பார்ட்'. நம்ம மெட்ரோ மாதிரி, ஆனா ஊர் ஊரா ஓடும். ஃப்ரீமான்ட்ல ஏறினா யூனியன் சிட்டி, ஹேவர்ட், சான் லியாண்ட்ரோன்னு தாண்டி அரை மணி நேரத்துல 'கொலிசியம்' ஸ்டேஷன். ஸ்டேஷன்ல இருந்து ஒரு நீளமான நடைபாலம் கிளம்பி, தண்டவாளங்களைத் தாண்டி உங்களை நேரா ஸ்டேடியம் வாசல்லயே இறக்கி விட்டுடும்.

பிரமாண்டமா எதிர்பார்த்துப் போனா முதல் பார்வையில சப்புனு இருக்கும். சாம்பல் கலர்ல ஒரு சிமென்ட் வட்டம், அவ்வளவுதான். உள்ளே போனா நிலமே கீழே இறங்குது. ஆடுகளம் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 20 அடி கீழே இருக்கு! ஒரு பெரிய கிண்ணத்தோட விளிம்புல நிக்கிற மாதிரி ஃபீலிங்.

1966-ல திறந்த ஸ்டேடியம் இது. முதல்ல வந்தது ரெய்டர்ஸ். 1968-ல கான்சாஸ் சிட்டியில இருந்து ஏ'ஸ் வந்து சேர்ந்தது. ரெண்டு ஆட்டத்துக்கும் ஒரே மைதானம். இங்கே ஒரு சின்ன விளக்கம். அமெரிக்காக்காரங்க ஃபுட்பால்னு சொல்றது, முட்டை ஷேப் பந்தைக் கையில இடுக்கிக்கிட்டு ஓடுற ஆட்டத்தை. காலால உதைக்கிற நம்ம ஃபுட்பாலுக்கு அங்கே பேரு சாக்கர். ஓகேவா?

ஒரே மைதானத்துல ரெண்டு ஆட்டம்னா என்ன ஆகும்? பேஸ்பாலுக்கு ஆடுகளத்து நடுவுல மண் தரை வேணும். ஃபுட்பாலுக்கு முழுக்கப் புல்லு வேணும். செப்டம்பர்ல ரெண்டு சீசனும் ஒண்ணா வரும்போது, ரெய்டர்ஸ் வீரர்கள் பேஸ்பால் மண்ணுல விழுந்து புரண்டு, முழங்கையைச் சிராய்ச்சுக்கிட்டு ஆடினாங்க. மத்த ஊர்கள்ல எல்லாம் தனித்தனி ஸ்டேடியம் கட்டி முடிச்ச பிறகும், ரெண்டு டீம் ஒட்டுக்குடித்தனம் நடத்தின கடைசி மைதானம் இதுதான்.

அப்படியே நிமிர்ந்து எதிர்ப்பக்கம் பாருங்க. சுவர் மாதிரி ஓங்கி நிக்குதே ஒரு ஸ்டாண்ட்... அதுக்கு ரசிகர்கள் வச்ச பேரு 'மவுன்ட் டேவிஸ்'. 1982-ல லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஓடிப்போன ரெய்டர்ஸை, 1995-ல ஓனர் அல் டேவிஸ் திரும்பக் கூட்டிட்டு வந்தார். அவரைச் சந்தோஷப்படுத்த ஊர்ப் பணத்துல கடன் வாங்கிக் கட்டின ஸ்டாண்ட் இது. அதுக்கு முன்னாடி இங்கே உட்கார்ந்தா ஓக்லாந்து மலைகள் தெரியுமாம். ஸ்டாண்ட் வந்து மலையை மறைச்சிருச்சு. கடைசியில ரெய்டர்ஸ் மறுபடியும் கிளம்பிருச்சு. ஆனா கடனை ஊர்தான் தொடர்ந்து கட்டுச்சு. மலையும் போச்சு, டீமும் போச்சு, கடன் மட்டும் மிச்சம்!

இது சும்மா மைதானம் இல்லைங்க

எல்லா ஊர்லயும்தான் ஸ்டேடியம் இருக்கு, இதுல என்ன விசேஷம்? லிஸ்ட் போடுறேன், கேளுங்க.

1972, 73, 74 - தொடர்ந்து மூணு வருஷம் ஏ'ஸ் பேஸ்பால் சாம்பியன். மறுபடி 1989-ல. அந்த வருஷம் ஃபைனல்ல எதிரணி யார் தெரியுமா? அக்கரை சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ்! அக்டோபர் 17 அன்னிக்கு, சான் பிரான்சிஸ்கோவுல மூணாவது மேட்ச் தொடங்கப் போற நேரத்துல பூகம்பம். பத்து நாள் ஆட்டமே இல்லை. அப்புறம் ஆடி, 4-0னு ஏ'ஸ் ஜெயிச்சது.

நம்ம கிரிக்கெட் மேட்ச்ல கூட்டம் அலை அலையா எழுந்து உட்காருமே, 'மெக்சிகன் வேவ்'... 1981 அக்டோபர் 15 அன்னிக்கு இதே கொலிசியத்துல, 'க்ரேஸி ஜார்ஜ்'ங்கிற சியர் லீடர் கூட்டத்தை எழுப்பிக் காட்டினதுதான் முதல் அலைன்னு அவர் தரப்பு சொல்லுது. வேற சிலரும் உரிமை கொண்டாடுறாங்க. என் ஓட்டு ஜார்ஜுக்கு!

ஓக்லாந்துலயே வளர்ந்த பையன் ரிக்கி ஹெண்டர்சன். பந்து வீசுறதுக்குள்ள அடுத்த பேஸுக்கு ஓடித் திருடுறதுல உலக மன்னன். மொத்தம் 1,406 திருட்டு! பழைய சாதனையை 1991 மே 1 அன்னிக்கு இங்கேதான் முறியடிச்சார். 2017-ல ஆடுகளத்துக்கே அவர் பேரை வச்சாங்க. 2024 டிசம்பர்ல அவர் காலமானார். அதுக்கு மூணு மாசம் முன்னாடிதான் அவரோட டீம் ஊரை விட்டுக் கிளம்பியிருந்தது.

அப்புறம் என்னை இங்கே இழுத்துட்டு வந்த 2002. தொடர்ந்து 20 வெற்றி! செப்டம்பர் 4 அன்னிக்கு இருபதாவது மேட்ச்ல 11-0னு முன்னிலை, கொஞ்ச நேரத்துல 11-11. எல்லாரும் தலையில கை வச்சப்போ, மத்த டீம் வேண்டாம்னு விட்ட ஸ்காட் ஹாட்டபெர்க் ஒரே அடி... ஹோம் ரன்!

யார் தப்பு?

டீம் போனதுக்கு 'ஓக்லாந்து ஜனம் மேட்ச் பார்க்கவே வரலை, அதான்'னு சிலர் சொல்றாங்க. 2023 மே 15 அன்னிக்கு வந்த கூட்டம் 2,064 பேர்தான். நிஜம். ஆனா அதுக்கு முன்னாடி நடந்ததையும் பாருங்க. 2022 மார்ச்ல மேட் ஆல்சன், மேட் சாப்மேன்னு ஸ்டார் வீரர்களையெல்லாம் வேற டீமுக்குத் தள்ளி விட்டாங்க. 2022-ல 102 தோல்வி, 2023-ல 112 தோல்வி. பாத்ரூம் குழாய்ல இருந்து பிரஸ் பாக்ஸ் வரை ஸ்டேடியமே ஓட்டை. 2023 ஏப்ரல்ல 'லாஸ் வேகாஸ்ல இடம் பார்த்தாச்சு'ன்னு அறிவிப்பு வேற. மெஸ்ல தண்ணி சாம்பார் ஊத்திட்டு, 'பசங்க சாப்பிடவே வர்றதில்லை'ன்னு வார்டன் சொன்னா நீங்க ஒத்துக்குவீங்களா?

ரசிகர்கள் ஒரு வேலை செஞ்சாங்க பாருங்க. புறக்கணிப்புன்னா வராம இருக்கிறதுதானே? இவங்க உல்டாவா, எல்லாரும் ஒரே நாள்ல வர்றதுன்னு முடிவு பண்ணினாங்க. 2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை சாயங்காலம். வந்தது 27,759 பேர்! பச்சை டி-ஷர்ட்ல ஒரே வார்த்தை: 'செல்'. ஓனர் ஜான் ஃபிஷரே, டீமை வித்துட்டுப் போங்கன்னு அர்த்தம். தமிழ்ல படிச்சாலும் கிட்டத்தட்ட அதே அர்த்தம்தான் வருது! அன்னிக்கு டீமும் 2-1னு ஜெயிச்சது. அது தொடர்ந்து ஏழாவது வெற்றி.

ஆனா ரெண்டே நாள்ல, ஜூன் 15 அன்னிக்கு, புது ஸ்டேடியத்துக்கு 380 மில்லியன் டாலர் வரை பொதுப் பணம் தர்ற சட்டத்துல நெவாடா கவர்னர் கையெழுத்துப் போட்டார். நவம்பர்ல மத்த டீம் ஓனர்கள் எல்லாரும் ஒருமனதா ஓகே சொல்லிட்டாங்க. 2024 செப்டம்பர் 26 அன்னிக்குக் கடைசி மேட்ச். 46,889 பேர் வந்து, 3-2னு ஜெயிச்சதைப் பார்த்து, அழுது, சிலர் மைதானத்து மண்ணை அள்ளிக்கிட்டு வீட்டுக்குப் போனாங்க.

நியாயமாப் பேசணும்னா ஃபிஷர் பக்கமும் ஒரு வாதம் உண்டு. துறைமுகத்துப் பக்கம் ஸ்டேடியம் கட்ட வருஷக்கணக்குல பேச்சுவார்த்தை நடந்தது. கடைசி மேட்சுக்கு முன்னாடி, முடியலை, மன்னிச்சுக்கங்கன்னு ரசிகர்களுக்குக் கடிதமும் எழுதினார். பள்ளிக்கூடம், ரோடு, போலீஸ்னு ஆயிரம் செலவு இருக்கிற ஊர், ஒரு கோடீஸ்வரருக்கு எவ்வளவுதான் அள்ளிக் கொடுக்க முடியும்? மவுன்ட் டேவிஸ்ல ஒரு தடவை சூடு பட்ட ஊர் அது. கொடுக்காம நின்னது தப்பே இல்லைன்னுதான் நான் சொல்வேன்.

இப்போ அங்கே என்ன நடக்குது?

இதுக்கப்புறம்தான் சுவாரஸ்யமே. நான் கொலிசியத்துக்குப் போனது பேஸ்பால் பார்க்க இல்லை. நம்ம ஃபுட்பால் பார்க்க! 'ஓக்லாந்து ரூட்ஸ்'னு ஒரு சாக்கர் கிளப், 2025 மார்ச்ல கொலிசியத்துக்குக் குடி வந்தது. முதல் மேட்சுக்கே 26,000-க்கும் மேல கூட்டம். நான் போன அன்னிக்கு அவ்வளவு இல்லை. ஆனா டிரம் இருந்தது. கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி ஒரு கும்பல் தொண்ணூறு நிமிஷமும் நிறுத்தாம அடிச்சு நொறுக்குறாங்க. பக்கத்து சீட் தாத்தா ஏ'ஸ் தொப்பி, ரெய்டர்ஸ் ஜாக்கெட், ரூட்ஸ் மஃப்ளர்னு மூணையும் சேர்த்துப் போட்டிருந்தார். "எந்த டீம் சார் உங்களது?"ன்னு கேட்டேன். "ஓக்லாந்து"ன்னார். அவ்வளவுதான் பதில்.

பேஸ்பாலுக்கு 'வெஸ்ட் ஓக்லாந்து' ஸ்டேஷன்ல இறங்கணும். அங்கே இருந்து ரைமண்டி பார்க். சின்ன மைதானம். 2024-ல இங்கே ஆட ஆரம்பிச்ச டீம் 'ஓக்லாந்து பாலர்ஸ்'. மேஜர் லீக் எல்லாம் இல்லை, பயனியர் லீக்ங்கிற சின்ன லீக். ஆனா இங்கே ரசிகர்களே பங்கு வாங்கலாம். ஊரை விட்டுப் போறது மாதிரி பெரிய முடிவுன்னா அவங்களையும் கேட்கணும். சூடு கண்ட பூனை! 2025-ல, ரெண்டாவது சீசன்லயே பாலர்ஸ் சாம்பியன். அதே செப்டம்பர்ல ஒரு மேட்ச்சுக்கு மேனேஜர் வேலையை ஏ.ஐ. கையில கொடுத்துப் பார்த்தாங்க. 'மணிபால்' பிறந்த ஊராச்சே! ரசிகர்கள்ல சிலருக்கு அது பிடிக்கலை. கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள் கோவிச்சுக்காதீங்க, நான் அவங்க கட்சி. புள்ளிவிவரம் ஆள் எடுக்க உதவும். ஆனா தோத்தா திட்டுறதுக்கு ஒரு மனுஷன் வேணும்ல?

ஏ'ஸ் என்ன ஆச்சு? வேகாஸ் ஸ்டேடியத்தை 2028-ல திறக்கிறதாத் திட்டம். அதுவரைக்கும் சேக்ரமென்டோ பக்கத்துல, சுமார் 14,000 பேர் கொள்ற ஒரு குட்டி மைதானத்துல வாடகைக் குடித்தனம். பேருக்கு முன்னாடி ஊரே கிடையாது. வெறும் 'அத்லெடிக்ஸ்'. இதுல கொடுமை என்னன்னா, இப்பத்தான் டீம்ல பசங்க பின்றாங்க. 2025 ஜூலை 25 அன்னிக்கு நிக் கர்ட்ஸ் ஒரே மேட்ச்ல நாலு ஹோம் ரன் அடிச்சார். அறிமுக சீசன்ல இதைச் செஞ்ச முதல் ஆள் அவர்தான். அந்த வருஷத்துச் சிறந்த புதுமுக விருதும் அவருக்கே. நான் ஸ்கோரைப் பார்த்துக் கத்தினேன். அப்புறம்தான் உறைச்சது, அவர் சட்டையில 'ஓக்லாந்து'ன்னு ஒரு நாள்கூட எழுதினதே இல்லை.

அதனால நான் கத்தக்கூடாதா? கத்தலாம் ஃப்ரெண்ட்ஸ். வீரர்கள் மேல எந்தத் தப்பும் இல்லை. ஆனா ஒண்ணு தெளிவாப் புரிஞ்சது. லோகோ, பேரு, கோப்பை எல்லாம் ஓனரோட சொத்து. அதை அவர் லாரியில ஏத்திக்கிட்டுப் போகலாம். மேட்ச் முடிஞ்சு அந்த நடைபாலத்துல நெருக்கியடிச்சுத் திரும்பி வர்ற கூட்டம் யாருக்கும் சொந்தமில்லை. அதை ஏத்திக்கிட்டுப் போக இன்னும் எந்த லாரியும் வரலை.

எப்பவாவது அந்தப் பக்கம் போனா, கோல்டன் கேட்டுக்கு அரை நாள் கொடுங்க. ஓக்லாந்துக்கு ஒரு சாயங்காலம் கொடுங்க. பாலத்துல நடக்கும்போது டிரம் சத்தம் கேட்கும். அது எந்த டீமுக்குன்னு மட்டும் கேட்காதீங்க... பதில் உங்களுக்குத்தான் தெரியுமே!