நின்று வாசிப்பதும் நடந்து வாசிப்பதும்

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில், முல்லையாற்றில் முங்கி ஈரத்துணியோடு அக்கினிச்சட்டி ஏந்தி வருகிறவர்களுக்கு முன்னால் நையாண்டி மேளம் போகும். நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, தமுக்கு, தாளம். அப்படி ஒரு செட்டில் வாசிக்கும் மூத்த நாதஸ்வரக்காரர் ஒருவரைப் பார்க்கத்தான் கம்பம் பக்கம் போயிருந்தேன். மதுரையில் முறையாகப் படித்தவர். வர்ணம், கீர்த்தனை, ஆலாபனை எல்லாம் கைவசம். கல்யாண வீடுகளில் பெரிய மேளம் வாசித்துக்கொண்டிருந்தவர், விரும்பித்தான் கரகாட்ட மேளத்துக்கு வந்தார்.

திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. சீவாளியை நனைத்துப் பொருத்திக்கொண்டு செஞ்சுருட்டியை எடுத்தார். முதலில் கச்சேரிக்கு வாசிப்பதுபோல, ஒவ்வொரு சுரத்திலும் தங்கி, குழைத்து. பிறகு அதே ராகத்தில் கரகத்துக்கு ஒரு மெட்டு. குழைவு குறைந்து துத்துக்காரம் கூடியது. நாக்கே தாளம் போடத் தொடங்கியது.

“அங்க சுரத்தப் புடிச்சு நிக்கணும் தம்பி. இங்க நின்னா கரகம் ஆடுற புள்ள கால் நின்னு போகும்” என்றார்.

“படிச்சது தடையா இருந்துச்சாண்ணே?”

“மூச்சுக்கு உதவுச்சு. விரலுக்குத்தான் தடை. தேவையில்லாத எடத்துலயும் அசையும். அத அடக்கவே ரெண்டு திருவிழாக் காலம் ஆச்சு.”

பக்கத்தில் இருந்த தவில்காரர் விரல்களில் கூடு மாட்டியபடி சிரித்தார். நையாண்டியில் பூவரசங்கம்பு விழும் இடப்பக்கம்தான் பேச வேண்டும் என்பது அவர் கட்சி.

பெரிய மேளத்திலிருந்து நையாண்டிக்கு வருவதை இறக்கம் என்று சொல்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. செஞ்சுருட்டி, ஆனந்தபைரவி, புன்னாகவராளி எல்லாம் நாட்டுப்புற மெட்டுகளிலிருந்து கச்சேரிக்கு வந்தவை என்றே இசை அறிஞர்கள் சொல்கிறார்கள். முத்துஸ்வாமி தீட்சிதர் சென்னையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு இசையைக் கேட்டு நோட்டுஸ்வரங்கள் செய்தார். ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’ என்ற அயர்லாந்து ஆட்ட மெட்டு அவரிடம் ‘வந்தே மீனாக்ஷி’ ஆயிற்று. அவர் தம்பி பாலுஸ்வாமி, ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதை நம் இசைக்குள் கொண்டுவந்த முன்னோடி. அந்த வீட்டில் யாரும் ஆட்ட மெட்டைத் தீட்டாக நினைத்ததாகத் தெரியவில்லை. இதே தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 1985இல் ‘சிந்து பைரவி’யில் தியாகராஜரின் காம்போஜிக் கீர்த்தனை ஒன்றைச் சாரமதியில் அமைத்து, ஒரு நாட்டுப்புறப் பாட்டை அதில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தப் பாட்டுக்குத்தான் சித்ராவுக்குத் தேசிய விருது.

மரியாதையில்தான் வேறுபாடு. கல்யாணத்தில் ஜமக்காளமும் மேடையும் உண்டு. ஊர்வலத்தில் சித்திரை வெயிலில் தார்ச்சாலை நெடுக, இடைவேளை இல்லாமல் வாசிக்க வேண்டும். மூச்சு அங்கேதான் அதிகம் செலவாகிறது. ஆனாலும் பலரும் “வெறும் நையாண்டிதானே” என்று கூலியைக் குறைத்துப் பேசுகிறார்கள்.

அந்த நாதஸ்வரக்காரர் அதற்கு இப்போது இடம் கொடுப்பதில்லை. அடுத்த திருவிழாவுக்குச் சாமி புறப்பாட்டில் மல்லாரி, முளைப்பாரி ஊர்வலத்தில் தெம்மாங்கு என இரண்டுக்கும் ஒரே கூலி பேசித்தான் அச்சாரம் வாங்கியிருக்கிறார்.